முதல் துப்பாக்கி: ஒரு சின்னக் குழலின் பெரிய கதை

"அப்பா, எனக்கு ஒரு பிஸ்டல் வேணும்."

சனிக்கிழமை காலை, கையில் காபி டம்ளர், மடியில் பேப்பர். எட்டாவது படிக்கிற மகள் இப்படி ஆரம்பித்தால் டம்ளர் ஆடாமல் என்ன செய்யும்? 2024 ஆகஸ்ட் அது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய கையோடு, நான் குப்பை கொட்டுகிற இந்த டெல்லிப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் எல்லாருக்கும் பிஸ்டல் ஜுரம். மனுவின் ஊரான ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம் இங்கிருந்து கூப்பிடு தூரம் வேறு.

தங்கமணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "துப்பாக்கி, கத்தின்னு இந்த வீட்டுக்குள்ள ஒண்ணும் வரக்கூடாது" என்று தீர்ப்பு. கும்பகோணத்திலிருந்து போனில் அம்மா: "டேய், பொம்பளப் புள்ள கையில துப்பாக்கியா? வடக்கே போய் நீங்க எல்லாம் என்னடா ஆயிட்டீங்க?" அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊர்ப்பக்கம் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர், இல்லையென்றால் ஜெய்சங்கர் படம். அவ்வளவுதான் பழக்கம்.

ஆனால் பக்கத்து பிளாட்டில் இருக்கிற ரிடையர்ட் ராணுவக்காரர் வேறு மாதிரி. விஷயம் கேள்விப்பட்டதும் உற்சாகமாகி, "என்கிட்ட .32 ரிவால்வர் இருக்கு. முதல்லயே அதோட சத்தம் கேட்டுப் பழகிட்டா பயமே போயிடும், வா ரேஞ்சுக்குப் போகலாம்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அந்த யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் என் சொந்தக் கதை. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன்.

திருச்சியில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தேன். முதலில் கொடுத்தது .22 ரைபிள். தரையில் படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு. "டப்" என்று ஒரு சத்தம், தோளில் லேசான தள்ளல், அவ்வளவுதான். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அடுத்த வருஷம் ராணுவ முகாமுக்குக் கூட்டிப்போய் எஸ்.எல்.ஆர். கொடுத்தார்கள். முதல் குண்டிலேயே தோள்பட்டை கழன்ற மாதிரி இருந்தது, காதில் ஒரே ரீங்காரம். இரண்டாவது குண்டுக்கு விசையைத் தொடும் முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. சோகம் என்னவென்றால், திரும்பி வந்து மறுபடி .22 எடுத்தபோதும் கண் மூடியது. கைக்கு அது சின்னத் துப்பாக்கி என்று தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் உள்ளங்கைக் கணக்கு தலையணைக் கணக்கானது.

குறி பார்ப்பவர்கள் உலகம் முழுக்கப் பயப்படுவது இந்த வியாதிக்குத்தான். வெடிக்கப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்வது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் போகாது. அதனால்தான் "முதல் கைத்துப்பாக்கி சின்னக் குழலாக இருக்கட்டும்" என்று எல்லா நாட்டு வாத்தியார்களும் சொல்கிறார்கள். சின்னது என்றால் எவ்வளவு சின்னது, அது எங்கிருந்து வந்தது, நம் நாட்டில் ஏன் அது வேறு வழியில் போனது என்று தேடப்போய் ராத்திரி ராத்திரியாகப் படித்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

சின்னக் குழலின் பிறந்த இடம் போர்க்களம் இல்லை, பாரிஸ் நகரத்து வரவேற்பறை. 1845 வாக்கில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்கிற பிரெஞ்சுத் துப்பாக்கித் தச்சர் ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் வெடிமருந்தைப் பற்றவைக்க ஒரு குட்டிக் கேப் இருக்கும். நம் தீபாவளிப் பொட்டுக்கேப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேப்பின் வாயிலேயே ஒரு சின்ன ஈயக் குண்டைச் செருகிவிட்டார். வெடிமருந்தே கிடையாது, கேப்பின் வேகம்தான் குண்டைத் தள்ளும். பணக்கார வீடுகளில் விருந்து முடிந்ததும் அறைக்குள்ளேயே குறி வைத்து விளையாட இது உதவியது. ஆக, சின்னக் குழல் பிறந்ததே விளையாட்டுக்காக.

அதை அமெரிக்காவில் ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் பிடித்துக்கொண்டார்கள். செம்புத் தகட்டுக் கூட்டைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே கொஞ்சம் கருமருந்து போட்டு, விளிம்பில் பற்றுமருந்தை வைத்து, 1857ல் தங்கள் முதல் ரிவால்வரை வெளியிட்டார்கள். ஏழு குண்டு, .22 குழல், உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். உருளையின் அறைகளை முன்னும் பின்னும் திறப்பாகத் துளைப்பது ரோலின் ஒயிட் என்பவரின் காப்புரிமை. ஒவ்வொரு ரிவால்வருக்கும் அவருக்கு 25 சென்ட் கொடுத்தார்கள். 1869ல் அந்த உரிமை முடியும்வரை மற்ற கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் சொந்தக் காசில் இதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பெரிய பலம் ஒன்றும் கிடையாது, மனசுக்கு ஒரு தைரியம்.

1857 என்றதும் நமக்கு மீரட்டும் டெல்லியும் ஞாபகம் வருகிறதல்லவா? அங்கே ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தக் குட்டி ரிவால்வர் பட்டறையிலிருந்து வெளிவந்த அதே வருஷம் இங்கே தோட்டாவின் கொழுப்பு பற்றிய வதந்தியில் ஒரு சாம்ராஜ்யமே ஆட்டம் கண்டது. இதை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இன்று உலகம் முழுக்க விற்கும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. பெயரில் ரைபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கும் அதேதான். குண்டின் எடை சுமார் 2.6 கிராம், நம் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் குறைவு. பற்றுமருந்துக்கென்று தனி உறுப்பு இல்லை, கூட்டின் விளிம்பு மடிப்பிலேயே இருக்கிறது. அதனால் செய்வதற்கு மலிவு. புதிதாகப் பழகுகிறவருக்கு ஆயிரக்கணக்கில் குண்டு தேவைப்படும். உதையில்லாமல் இருப்பதோடு இந்த மலிவும் சேர்ந்துதான் .22ஐ எல்லா நாட்டிலும் ஆரம்பப் பள்ளி ஆக்கியது. 1915ல் கோல்ட் கம்பெனியின் .22 தானியங்கி பிஸ்டல் வந்தது, அதுதான் பின்னால் வுட்ஸ்மேன் என்று பெயர் எடுத்தது. 1949ல் பில் ரூகர் என்பவர் கூட்டாளி அலெக்சாண்டர் ஸ்டர்முடன் சேர்ந்து, தகட்டை அழுத்திச் செய்த ஒரு .22 பிஸ்டலை 37.50 டாலருக்கு விற்றார். அமெரிக்காவில் ஒரு தலைமுறை அப்பாக்கள் பிள்ளைகளுக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுத்தது இந்த மாதிரி பிஸ்டல்களில்தான்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சின்னது" என்றால் பொம்மை இல்லை. .22 தோட்டா ஒரு மைலுக்கு மேல் பறக்கும், ஆளைக் கொல்லும். சின்னது என்பது சுடுகிறவனின் கைக்கு மட்டும்தான், எதிரே நிற்பவனுக்கு இல்லை. இந்த வித்தியாசம் புரியாத வீட்டில் எந்தக் குழலும் நுழையக்கூடாது என்று தங்கமணி சொன்னதில் நியாயம் இருக்கிறது.

சின்னக் குழலோடு சேர்ந்த இரண்டு மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் நகர மனசில்லை.

ஒருவர் ஹங்கேரி ராணுவத்தில் இருந்த கரோலி டாகாச். நல்ல பிஸ்டல்காரர், ஆனால் அதிகாரி இல்லை, சார்ஜென்ட். அதனாலேயே 1936 பெர்லின் ஒலிம்பிக் அணியில் இடமில்லை. 1938ல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து வலது கை போனது. சுடுகிற கை. யாரிடமும் சொல்லாமல் இடது கையால் பழக ஆரம்பித்தார். அடுத்த வருஷமே தேசியப் போட்டிக்கு வந்து நின்றார், துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தவர்களை ஜெயித்துவிட்டுப் போனார். போர் வந்து இரண்டு ஒலிம்பிக்கை விழுங்கியது. 1948 லண்டனில், 38 வயதில், 25 மீட்டர் அதிவேக பிஸ்டலில் உலக சாதனையோடு தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம். கையில் இருந்தது .22 குழல். உதைக்கிற பெரிய பிஸ்டலாக இருந்திருந்தால் பழக்கமில்லாத இடது கைக்கு இது சாத்தியமாகியிருக்குமா என்பது என் சந்தேகம்.

இன்னொருவர் சோவியத் நாட்டின் மிகையில் மார்கோலின். இளம் வயதில் சண்டையில் காயம்பட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. கண் தெரியாதவர் துப்பாக்கி வடிவமைத்தார் என்றால் நம்புவீர்களா? களிமண்ணிலும் மரத்திலும் உறுப்புகளைச் செய்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து உருவாக்கிய .22 பிஸ்டல் போருக்குப் பிறகு சோவியத் வீரர்களின் கைக்குப் போனது, உலகமெங்கும் பெயர் வாங்கியது. பிடி கைக்குள் உட்காரும் விதம் அப்படி என்கிறார்கள். உபரித் தகவல்: 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இளவரசி லேயா கையில் வைத்திருக்கும் விண்வெளித் துப்பாக்கி இந்த மார்கோலினுக்கு வேஷம் போட்டதுதான். மகளிடம் சொன்னேன், வரலாறு முழுவதிலும் அவளுக்குப் பிடித்தது இந்த ஒரு வரிதான் :-)

சரி, நம் ஊர்க்கதைக்கு வருவோம். துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்து சேர்ந்தது என்பது அகராதி சொல்வது. ஆனால் அதன் உறுப்புக்கு நாமே பெயர் வைத்துக்கொண்டோம். பின்னால் இழுத்து நிறுத்தும் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்று பெயர். இங்கே இந்தியிலும் அது 'கோடா'தான், அதுவும் குதிரைதான். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் அது சேவல். யாரைப் பார்த்து யார் வைத்தார்களோ.

1857க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஜனங்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878ல், ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அதே வருஷம்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. எழுதவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு வந்து சில வருஷங்களில் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் நீடித்தது. குடகு நாட்டுக் கொடவர்களுக்கு மட்டும் தனி விலக்கு, அது இன்றுவரை தொடர்கிறது.

எல்லாரும் சும்மா இருக்கவில்லை. 1887ல் காங்கிரசின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில் நடந்தது. அங்கே இளைஞர் பிபின் சந்திர பால் எழுந்து இந்தப் பாரபட்சமான சட்டத்தை நீக்க வேண்டும் என்று பேசினார். துப்பாக்கி மேல் ஆசைப்பட்டு அல்ல, "உன்னை நம்பமாட்டேன், அவனை நம்புவேன்" என்று தோலின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிற அவமானத்துக்காக. 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலில்கூட, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது. அகிம்சைக் கட்சியின் தீர்மானத்தில்! ஆனால் பிறகு நாமே எழுதிய அரசியல் சட்டத்தில் அது இல்லை. ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை என்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நாடு பிரிவினையைப் பார்த்திருந்தது. மாற்றிக்கொண்டது சரிதான் என்பது என் கட்சி.

லைசென்ஸ் கிடைக்காத நாட்டில் புதிதாகச் சுடப் பழகுகிறவன் எங்கே போவான்? 1911ல் போனது பாண்டிச்சேரிக்கு. அது பிரெஞ்சு மண், பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. வ.வே.சு. ஐயர் அங்கே இருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குக் குறிபார்க்கப் பழக்கியது அவர்தான். 1911 ஜூன் 17ல் மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அந்தச் செயலின் நியாய அநியாயம் பெரிய விவாதம், இங்கே வேண்டாம். நான் கவனித்தது வேறு. தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் நமக்குப் பேர் தெரிந்த முதல் பிஸ்டல் மாணவன் சட்டத்துக்கு வெளியே, எல்லை தாண்டி, ஒளிந்துதான் பழக வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1914 ஆகஸ்டில், கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டலும் 46,000 தோட்டாவும் பட்டப்பகலில் வண்டியோடு காணாமல் போயின. வங்கத்துப் புரட்சிக்காரர்கள் வேலை. ஐம்பது பிஸ்டலும் பல கைகளில் பல வருஷம் சுற்றின.

இப்படிப்பட்ட பயத்தில்தான் குழலின் அளவையே சர்க்கார் தீர்மானிக்கும் பழக்கம் வந்தது. பட்டாளத்துத் தோட்டா பொருந்துகிற துப்பாக்கி பொதுஜனத்திடம் இருக்கக்கூடாது. இருந்தால் களவு போன பட்டாளத் தோட்டாவுக்கு வீடு கிடைத்துவிடும். 1900களின் ஆரம்பத்தில் இந்தியாவில் .450 குழலுக்குத் தடை போட்டார்கள். லண்டன் வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள் பதறிப்போய் .465, .470 என்று கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் புதிய அளவுகளைச் செய்து விற்றார்கள். யானை வேட்டைத் துப்பாக்கிகளின் விசித்திர எண்களுக்குப் பின்னால் டெல்லி, கல்கத்தா குமாஸ்தா ஒருவரின் கையெழுத்து இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959ல் புதிய ஆயுதச் சட்டம், 1962ல் விதிகள். இனப் பாகுபாடு போனது, குழல் பயம் அப்படியே இருந்தது. ராணுவமும் போலீசும் வைத்திருந்த .38, .455, 9 மி.மீ. எல்லாம் தடைப்பட்ட பட்டியலில். மிச்சம் இருந்தது .32. அதனால்தான் இந்தியாவில் கைத்துப்பாக்கி என்றாலே .32. என் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட லைசென்ஸ் வைத்திருக்கும் பெரும்பாலோரிடம் இருப்பது கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். பழைய வெப்லி வடிவத்தை ஒட்டியது, நடுவில் மடித்துத் தோட்டா போடுவது. உலகத்தில் மற்ற இடங்களில் அந்தத் தோட்டாவைப் பழங்காலம் என்று பரணில் ஏற்றி ரொம்ப நாளாகிறது. வேடிக்கை என்னவென்றால் காகிதக் கணக்கில் அதன் பலம் .22ஐ விட மலையளவு அதிகமும் இல்லை. ஆனால் தோட்டா விலை பல மடங்கு, வருஷத்துக்கு இத்தனை என்று எண்ணித்தான் தருவார்கள். பழகுகிறவனுக்குத் தேவை எண்ணிக்கை. .32 ரிவால்வரால் யாரும் சுடப் பழகமுடியாது, பீரோவில் வைத்துக் கௌரவப்படத்தான் முடியும்.

அந்தக் கௌரவம் இங்கே வடக்கில் எப்படி என்று வந்து பார்க்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். மேலே போனது கீழே வராதா? மாடியில் நின்று ஊர்வலம் பார்த்தவர், மேடையில் நின்ற மாப்பிள்ளை என்று எத்தனை சாவுச் செய்தி படித்தாயிற்று. 2019ல் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத் துப்பாக்கிச்சூட்டுக்கு இரண்டு வருஷம்வரை சிறை என்றார்கள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. போட்டி வீரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு.

இடையில் சர்க்கார் தொழிற்சாலைகளே சின்னத் துப்பாக்கிக்கு ஒரு முயற்சி செய்தன. 2012 டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு, 2014ல், கான்பூரிலிருந்து நிர்பீக் என்ற .32 ரிவால்வர் வந்தது. பெண்களுக்காக, சுமார் அரை கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம். இஷாப்பூரிலிருந்து நிடர் என்று அதைவிடச் சின்ன .22 ரிவால்வரும் வந்தது, கால் கிலோதான். இரண்டு பெயருக்கும் பயமற்றவர் என்றுதான் பொருள். எனக்கு இதில் ஒரு நெருடல். லைசென்சுக்கு மாதக்கணக்கில் அலைந்து, லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டால் பயம் போய்விடுமா? லேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும், குட்டிக் குழலில் குறியும் தவறும். எடை குறைந்தால் பெண்ணுக்குச் சுலபம் என்று முடிவு செய்தவர் யாரோ, அவர் எந்தப் பெண்ணையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுடவைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

விளையாட்டுப் பக்கம் கதை நல்லபடியாகப் போனது. ஆனால் மெதுவாக. தேசிய ரைபிள் சங்கம் 1951ல் ஆரம்பித்தது, முதல் தலைவர் சபாநாயகர் மவ்லங்கர். ஆரம்பத்தில் இது ராஜாக்கள் விளையாட்டு. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், 1962ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அவர் பெயரில்தான் இங்கே துக்ளகாபாத்தில் ரேஞ்ச் இருக்கிறது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கும் கதவு சாத்தப்பட்டது. சாமானியன் பிள்ளை .22 பிஸ்டலில் பழகுவது குதிரைக்கொம்பு (அந்தக் குதிரை இல்லை!). இந்தச் சூழ்நிலையில் ஜஸ்பால் ராணா 18 வயதில், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில், பிஸ்டலில் தங்கம் வாங்கியது சின்னச் சமாச்சாரம் இல்லை.

அப்புறம் கதவைத் திறந்தது வெடிமருந்தே இல்லாத குழல். காற்று பிஸ்டல். ஜெர்மானியர்கள் 1960களில் உதையே தெரியாத காற்று பிஸ்டல்களைச் செய்திருந்தார்கள். 1988 சியோலில் 10 மீட்டர் காற்று பிஸ்டல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. குண்டு 4.5 மி.மீ., அரை கிராம் எடை. .22 குண்டின் ஆற்றலில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. நம் 2016 விதிகளின்படி .177 குழலுக்கு மிகாமல், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். பத்து மீட்டர் நீளமான கூடமோ மொட்டைமாடியோ போதும். யோசித்துப் பார்த்தால் ஃப்ளோபேரின் வரவேற்பறை விளையாட்டுத்தான், 150 வருஷம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது.

சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங்குக்கு 1997ல் அப்பா வாங்கிக்கொடுத்தது ஒரு காற்று பிஸ்டல். பேகம்பேட்டை வீட்டுக் கொல்லையில் சுட்டுப் பழகினார். பிறகு ரைபிளுக்கு மாறி 2012 லண்டனில் வெண்கலம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போன வீட்டுப் பெண், ககனின் பயிற்சிக்கூடத்தில் பழகி 2019ல் ரியோ உலகக் கோப்பையில் காற்று ரைபிளில் தங்கம் வாங்கினார். கோலாப்பூர் ராஹி சர்னோபத், பஞ்சாப் ஹீனா சித்து, ஜஜ்ஜர் மனு என்று பிஸ்டல் பெண்கள் வரிசை கட்டி வந்தார்கள். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாதிப் போட்டியில் மனுவின் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்து வருவதற்குள் நேரம் கரைந்தது. இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்று போனது. அழுதுகொண்டே வெளியே வந்த பெண், மூன்று வருஷம் கழித்து, அதே ஜஸ்பால் ராணாவைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு பாரிஸில் என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆக என் வீட்டுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. .32 கிடையாது. .22 கூட இப்போது இல்லை. 21 வயதுவரை சொந்த லைசென்ஸ் கிடையாது, பயிற்சிக்கூடத்தில் விதிப்படிதான். காற்று பிஸ்டலில் ஆரம்பிக்க வேண்டியது. நல்ல போட்டி பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும், அதனால் முதல் ஆறு மாசம் கிளப் பிஸ்டல். வீட்டுக்கு எதுவும் வராது. தங்கமணி கடைசி இரண்டு வரியைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினார். பக்கத்து வீட்டு சாபுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அவரேதான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, ஒரு கையால் நீட்டிப் பிடித்து ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னார். பிஸ்டல் எடை அதுதானாம். பெண் இருபது செகண்டில் தொங்கவிட்டாள். நான் பதினைந்தில்.

மூன்று வாரம் அவளுக்குப் பெல்லட்டே தரவில்லை. குழலுக்குள் ஆரஞ்சு நிறக் கொடி நாடாவை நுழைப்பது, விரலை விசைக்கு வெளியே வைப்பது, குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருப்பது, இதுதான் பாடம். நாலாவது ஞாயிறு பத்து பெல்லட் கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் இலக்கைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தேன். பத்து தடவையும் கண் மூடவில்லை. இரண்டு பெல்லட் காகிதத்துக்கே போகவில்லை என்பது வேறு விஷயம்.

ராத்திரி அம்மாவுக்குப் போன்.

"சுட்டாளா?"

"சுட்டாம்மா."

"சத்தம் ரொம்ப வந்துதா?"

"பொட்டுக்கேப் அளவுகூட இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கண்ணுக்குக் கண்ணாடி போட்டாளாடா?"

"போட்டாம்மா."

"சரி, போனை அவகிட்ட குடு."